இரண்டாவது பிரேக்

என் மனைவியின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையின் காலடியில் ஒன்று. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் கண் இமைக்கக்கூட யோசிப்பாள்.

போன மழைக்காலத்தில் நான் ஓட்டிய கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. எனக்குச் சிராய்ப்புகூட இல்லை, தைரியம்தான் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவள் ஓட்டுகிறாள், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். மைத்துனன்கூட, "என்ன மச்சான், இன்னைக்கும் பார்சலா?" என்று கேட்டுவிட்டான்.

போன வாரம் மலைமேல் இருக்கும் மூன்று ஏரிகளைப் பார்க்கக் கிளம்பினோம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டினாள்.

"மூணாவது ஏரிக்கரையில கூடாரம் போடறோம். அதுவரைக்கும் நீங்க ஓட்டறீங்க."

"உன் பிரேக்க நீ தொடக்கூடாது. தொட்டா, இனிமே சாவிய நான் தொட மாட்டேன்."

"தொடல. ஆனா எங்கிட்ட படிக்கிறவங்க மாதிரி, 'பிரேக் போட்டது நானா, நீங்களா மேடம்'னு கேட்டுக்கிட்டே வராதீங்க."

முதல் ஏரி வரை வாய் ஓயாமல் பேசினாள். தண்ணீர் பச்சையாம், நடுவில் ஒரு படகாம். நான் எங்கே பார்த்தேன்? என் கண் சாலையின் வெள்ளைக் கோட்டைவிட்டு நகரவில்லை. பிறகு காடு வந்தது. சாலை மரங்களுக்குள் புகுந்து வளைந்து வளைந்து ஏறியது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி. மிதித்தேன். கார் பதமாக வேகம் குறைந்து, ஓரம் ஒதுங்கி, வழி விட்டது. இவ்வளவு பதம் என் காலுக்கு ஏது?

"நீதானே மிதிச்ச?"

பதில் இல்லை. அடுத்த வளைவிலும் அதே பதம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கால எடுன்னு சொன்னேன்ல?"

அதற்கும் பதில் இல்லை. மாட்டிக்கொண்டதும் ஊமையாகிவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பி முறைக்கலாம் என்றால், சாலையிலிருந்து கண்ணை எடுக்கத் துணிச்சல் இல்லை. இரண்டாவது ஏரி எந்தப் பக்கம் போனதோ தெரியாது. சண்டைக்கு வேண்டிய வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

மூன்றாவது ஏரிக்கரையில் ஏற்கெனவே இரண்டு கூடாரங்கள் இருந்தன. யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தேன்.

"இந்தா, சாவிய நீயே வெச்சுக்க" என்று திரும்பினேன்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க நல்ல தூக்கம். செருப்புகள் பின்சீட்டில் கூடாரப் பைமேல் கிடந்தன. யார் ஓட்டும் காரிலும் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சாவியைச் சத்தமில்லாமல் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் விழித்தாள்.

"வந்தாச்சா? ரெண்டாவது ஏரி எப்படி இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான்தானே ஓட்டிட்டு வந்தேன்."