சிம்ரனைப் பார்க்க வந்த பாட்டில்கள்

1

உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கதை எனக்குத் தோணினது இல்லை, என் தலையில கட்டினது. பக்கத்துப் பள்ளியில இதய நாள் விழாவாம். "கூல் டிரிங்க்ஸ் கெடுதல்னு ஒரு பக்கத்துல ஒரு கதை. படிச்சா அழுகை வரணும்" என்றார் தலைமையாசிரியை. என் வாய் சும்மா இருக்குமா, சரின்னுட்டேன்.

முதல் வரி: இதயம் என்பது நான்கு அறைகள் கொண்ட—

சீ, வாடகை வீட்டு விளம்பரம்.

காஞ்சிபுரத்தில் சிம்ரன் என்றொரு சிறுமி—

பதினாறு வயசுக்காரியைச் சிறுமின்னு எழுதினா என் பேனாவைப் பிடுங்கி வீசிடுவா. எதிர் வீடு வேற.

2

சின்ன காஞ்சிபுரத்துல எங்க தெருவுல சிம்ரன் மாதிரி ஓடுறவ கிடையாது. எண்ணூறு மீட்டர். இன்னும் ரெண்டு வாரத்துல மாவட்டப் போட்டி. அப்பா சிட்டிபாபு பட்டுக் கடையில புடவை விரிச்சுக் காட்டுறவர். முகூர்த்தப் புடவை எடுக்க வர்றவங்களுக்கு அங்க ஆளுக்கொரு கூல் டிரிங்க்ஸ் பாட்டில் கொடுப்பாங்க. சுகர்காரங்க தொடாம வெச்சுட்டுப் போறதெல்லாம் சிட்டிபாபு பையில வீட்டுக்கு வரும். சிம்ரன் தினம் நாலு குடிப்பா. தண்ணியா? அது முகம் கழுவ.

போட்டி ஃபாரத்துல கையெழுத்து வாங்கப் போனா. டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். மிஷினை மாத்திப் பார்த்தார்.

"இந்த வயசுல இவ்ளோ இருக்கக் கூடாதும்மா. நெஞ்சும் இப்படி அடிச்சுக்குது. பாட்டிலை விட்டுட்டுப் பத்து நாள் கழிச்சு வா. இறங்கினாத்தான் கையெழுத்து."

3

இனிமேல் நடந்ததை நான் கற்பனை பண்ணியிருந்தா இன்னும் நம்புற மாதிரி பண்ணியிருப்பேன்.

ஆஸ்பத்திரி போய் வந்தவங்களை வெறுங்கையோட பார்க்கிற பழக்கம் எங்க தெருவுல இல்லை. ரெண்டு லிட்டர் பாட்டில்னா கையில பிடிக்க வாகு, பார்க்கவும் பெருசு. பக்கத்து வீட்டு கலீமுல்லா பாய் ஆரஞ்சு பாட்டில் கொண்டாந்தார். தூரத்துச் சொந்தம் பொன்னியம்மாள் தென்னேரியிலிருந்து பஸ் ஏறி லெமன் எடுத்துக்கினு வந்தாங்க.

"பாவம், பொண்ணுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாமே. ஜில்லுனு குடிக்கட்டும்மா."

வந்தவங்களுக்கு ஊத்தாம அனுப்ப முடியுமா? சிம்ரனோட அம்மா லில்லி டம்ளர் எடுத்தா. விருந்தாளியைத் தனியாக் குடிக்க விடக் கூடாது, அது லில்லியோட சட்டம்.* யாரைப் பார்க்க வந்தாங்களோ அவங்கதான் கூடக் குடிக்கணும். அதாவது சிம்ரன்.

ஏழாம் நாள், கட்டிலுக்கு அடியில இடமில்லாம பாட்டிலெல்லாம் பீரோ மேல ஏறிடுச்சு.

(* மூணு வருஷம் முன்னாடி லில்லியோட தம்பி விக்ரம் "வேணாம்க்கா"ன்னு டம்ளரைத் தள்ளினான். இன்னிக்கு வரைக்கும் பேச்சில்லை. அவன் போன் பண்ணினா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் கழுவுவா.)

4

முடிவு ஒன்று: மைதானத்தில் சிம்ரன் மயங்கி விழுந்தாள். ஊரே—

"அங்கிள், நான் எதுக்கு விழணும்?" தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சுக்கினு இருந்திருக்கா. "ஊத்திக் குடுத்தவங்கல்லாம் நல்லாத்தானே நிக்கிறாங்க?"

"கதைக்கு வேணும்மா. அழுகை வரணுமாம்."

"நேத்து கிரேப் எடுத்துக்கினு வந்தது யாரு? அதையும் எழுதுங்க."

எழுதிட்டேன். நான்தான். ரெண்டு டம்ளர் குடிச்சேன். அவளும் ரெண்டு. வெட்கமா இருக்குது.

முடிவு இரண்டு: தெருவே திருந்தி மோருக்கு மாறியது. எங்க தெருவா? எனக்கே சிரிப்பு வருது.

"உனக்கு எந்த முடிவு வேணும்?"

"ஓடணும் அங்கிள். அவ்ளோதான்." சொல்லும்போதே உதடு கோணிக்கிச்சு. "நானா ஒரு பாட்டிலும் திறக்கலை. அம்மாகிட்ட என்னால சொல்ல முடியலை. வர்றவங்க யாராவது ஒருத்தர் வேணாம்னு சொன்னாப் போதும்."

5

நாளைக்குப் பத்தாம் நாள். காலையில டாக்டர்.

இப்போ சாயங்காலம். கடைசியா ஒருத்தர் பார்க்க வந்திருக்கார். நீங்கதான். வெறுங்கையோடதான் கூட்டிட்டு வந்திருக்கேன், அது மட்டும்தான் என்னால முடிஞ்சது. லில்லி ரெண்டு டம்ளர் ஊத்திட்டா.

"எடுத்துக்கங்கபா. அவளும் உங்களோட குடிப்பா."

வேணாம்னா உங்களுக்கும் விக்ரம் கதிதான். லில்லி ரொம்ப நல்ல பொம்பளை, அவ முகம் சுருங்கிப் போறதைப் பார்க்கவும் கஷ்டமா இருக்கும். அதனாலதான் நான் நேத்து வாயைத் திறக்கலை.

சிம்ரன் டம்ளரைப் பார்க்கலை. உங்களைப் பார்க்கிறா.

நான் பேனாவை மூடிட்டேன். நுரை இறங்கறதுக்குள்ள சொல்லுங்க.