மழைச்சோற்றுக்கு வந்த வானிலை அறிக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மழையில் பிறக்கவில்லை. "கடல் சூடாவதைப் பற்றி ஒரு கதை கொடுங்கள், கொஞ்சம் கண்ணீரோடு" என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டதில் பிறந்தது. கண்ணீர் எனக்குக் கைவந்த சரக்கு. உடனே உட்கார்ந்தேன்:

வெடித்துக் கிடந்த நிலத்தில் நின்று மாசாணியம்மாள் வானத்தை அண்ணாந்து

(நிறுத்திவிட்டேன். எல்லாக் கதையிலும் யாராவது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கழுத்து வலிக்காதா?)

2

மாசாணியம்மாள் அண்ணாந்து பார்க்கிற ஆளே இல்லை. பொள்ளாச்சிக்குக் கிழக்கே, கந்தப்பன் தோட்டத்தில் சின்ன வெங்காயத்துக்குக் களை வெட்டுகிறவள். குனிந்த தலை நிமிராத வேலை. மழை பெய்தால் வெங்காயம், வெங்காயம் வைத்தால் வேலை, வேலை இருந்தால்தான் அவளுக்கு ஊர்.

ஆனியும் ஆடியும் காய்ந்துபோயின. பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகச் சோறு வாங்கி, உப்பில்லாமல் கரைத்துக் குடித்து, ஒப்பாரி வைத்து, "மழையில்லாத ஊரில் இருக்க மாட்டோம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை வரை போவார்கள். அங்கே பண்ணாடி, அதாவது பெரிய தோட்டக்காரர், மறித்து, "போகாதீங்க, மழ வருமுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் திரும்பிவிடுவார்கள். போவதும் நடிப்பு, மறிப்பதும் நடிப்பு. ஆனால் அந்தச் சொல்லில் 'வேலை தருவேன்' என்பதும் அடக்கம். மாசாணியம்மாள் போனது அதைக் கேட்கத்தான்.

3

எல்லையில் கந்தப்பன் நின்றிருந்தார், கையில் போனோடு.

"பண்ணாடி, நாங்க போறமுங்க! இந்த ஊரே வேண்டாமுங்க!" என்றாள் மாசாணியம்மாள்.

கந்தப்பன் மறிக்கவில்லை. "பசிபிக் கடல் சூடாயிப் போச்சு மாசாணி. எல் நினோங்கறாங்க. இந்த வருசம் மழ கெடையாது, நான் வெங்காயம் வெக்கப்போறதில்ல. போறதுன்னா இப்பவே போயிருங்க, டவுன்ல வேலையாச்சும் கெடைக்கும்."

கூட வந்த பெண்களில் அன்புச்செல்வி, இதுவும் நடிப்பு என்று நினைத்து, களுக்கென்று சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"அந்தச் சொல்லச் சொல்லிப்போடுங்க பண்ணாடி, நாங்க ஊட்டுக்குப் போறமுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

அட மனுஷா! சொல்லித் தொலைத்தால் என்ன?

[இந்த இடத்தில் கந்தப்பனை அயோக்கியனாக்கப் பார்த்தேன். மீசையை முறுக்கவிட்டேன், குடிக்கவிட்டேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர், செய்தியை நம்புகிற நல்லவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.]

4

ஒரு குறிப்பு. பசிபிக் சூடானால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும். சரிதான். ஆனால் அப்படிப்பட்ட பல வருடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை தமிழ்நாட்டில் கூடுதலாகவே பெய்திருக்கிறது. கந்தப்பன் பார்த்தது நாட்டுக்கே பொதுவான செய்தி; நம் மழை அதில் கடைசிப் பத்தி. அவர் அதுவரை படிக்கவில்லை. கடலையே பார்த்திராத ஒருத்தியை உலகத்தின் மறுகோடிக் கடல் ஊரைவிட்டு விரட்டியது என்று எழுதினால் அழகாக இருக்கும். விரட்டியது பாதி படித்த செய்தி.

5

அவள் கூடையோடு நேரே பஸ் ஏறினாள்.

(நேரே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேலைகளை எடுத்துக் கதவைப் பூட்டினாள். 'நேரே' என்பது எடுப்பாக இருந்ததால் எழுதிவிட்டேன்.)

கோயம்புத்தூரில், பீளமேட்டில் ஒரு கல்லூரி விடுதியில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கந்தப்பன் அரக்கப் பரக்க வெங்காயம் நட்டார். களை காடாக மண்டியது, வெட்ட ஆளில்லை. போன் செய்தார்.

"மாசாணி, இங்க மழ கொட்டுது. ஊருக்கு வந்துரு அம்மணி."

6

முடிவு ஒன்று: "வாரேனுங்க" என்கிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: பட்டென்று போனை வைக்கிறாள். உங்களுக்குப் பிடிக்கும், கை தட்டுவீர்கள்.

இரண்டையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக இதைத்தான் கேட்டாள்:

"அடுத்தவாட்டி கடல் சூடாச்சுன்னா மறுபடியும் போகச் சொல்லுவீங்களா பண்ணாடி?"

கந்தப்பனுக்கு வசனம் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. 'மாட்டேன்' என்றால் அதை அவரே நம்ப மாட்டார். 'ஆமாம்' என்றால்

இந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வேண்டாம், போனை வாங்கி அவளிடமே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள், தட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன.