கிளெமென்ட்டின் மீட்டிங்

கிளெமென்ட்டுக்குத் தன் குரலைக் கேட்பதில் அலாதியான பிரியம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவுக்கு அவன் மேலாளர். தினமும் வீடியோ மீட்டிங்கில் யாராவது ஒருவரைத் திட்டிக் கிழிக்காவிட்டால் அவனுக்கு வேலை செய்த திருப்தியே வராது.

லவினா பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வீட்டிலிருந்தபடி அவனிடம் வேலை பார்த்தாள். காலை உணவுக்கு நேரமிருக்காது. அவன் குரல் உயரும்போதெல்லாம் அவள் கை தானாகச் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போகும். பசியே இராது, பாக்கெட் மட்டும் காலியாகிவிடும்.

ஒருநாள் வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கணவன் நோயல் கைத்தாங்கலாக அவளைக் காக்ஸ் டவுனில் பிசியோதெரபிஸ்ட் சிந்துவிடம் கூட்டிப்போனான். நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்ததில் முதுகுத் தசைகள் இறுகிக் கிடப்பதாகச் சிந்து சொன்னாள். எப்போது, என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தாள். லவினா வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சிப்ஸ அப்புறம் பாத்துக்கலாம். அந்த ஆளு பேச ஆரம்பிச்சா மொதல்ல எழுந்து நில்லுங்க," என்றாள் சிந்து.

மீட்டிங்குக்கு முன்பே இட்லியோ உப்புமாவோ வயிறாரச் சாப்பிடத் தொடங்கினாள் லவினா. லேப்டாப்பை இழுப்பறை அலமாரியின் மேல் வைத்து, நின்றபடி பேசினாள். காலையில் உடற்பயிற்சி, சாயங்காலம் நடை. ஒருமுறை கிளெமென்ட் எல்லோர் முன்னும் அவளை முட்டாள் என்றதும், பேக்கரிக்குப் போய் வயிறு கனக்கும்வரை பஃப்ஸ் தின்றாள். மறுநாள் மறுபடி நடந்தாள். சில மாதங்களில் வலி வெகுவாகக் குறைந்தது.

அவள் நிற்பது மரியாதைக் குறைவு என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவன் கிளெமென்ட். நிறுவனம் ஆரோக்கிய வாரம் அறிவித்ததும் அதே வாயால், லவினாவின் மாற்றத்துக்குக் காரணம் தான் வளர்த்த டீம் கலாசாரம்தான் என்றான். மேலதிகாரிகளும் இருந்த மீட்டிங்கில் அவளையே பேசச் சொன்னான்.

லவினா நிதானமாகச் சொன்னாள்: "உங்க மீட்டிங் ஆரம்பிச்சாலே பயம் சார். பயத்துல எதையாவது தின்னுட்டே இருப்பேன். இப்ப எழுந்து நின்னுக்கறேன், திங்கறதில்ல. அவ்ளோதான்."

கிளெமென்ட் மட்டும் கைதட்டினான். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் பாதிப் பேரின் முகம் தெரியவில்லை. சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன. கேமராவைச் சரிசெய்யச் சொல்லிக் கிளெமென்ட் கத்தினான். கேமராக்கள் நிமிர்ந்தன. நின்றவர்களில் ஒருவரும் உட்காரவில்லை.