சந்தனம் வைத்த நாற்காலி

1

இந்தக் கதையை டெய்சியின் காலிலிருந்துதான் எடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? துடியலூர் ஜவுளிக்கடையில் அவள் சேலை காட்டுகிறாள், நான் மடிக்கிறேன். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு காலைத் தூக்கி அதற்கு லீவு கொடுப்பாள்; பிறகு மற்றதற்கு.

முதல் தொடக்கம்: ‘நொய்யலைப் போல நீண்ட அவள் துயரம்—’ வேண்டாம். நொய்யல் ஆற்றில் இப்போது ஓடுவது சாக்கடை.

இரண்டாவது: ‘தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.’ இது உண்மை. ஆனால் பத்தாவதைக்கூட முடிக்காதவள் நான்; சட்டத்தில் ஆரம்பித்தால் யார் நம்புவார்கள்? [அதனால்தான் முதலில் அவள் காலைச் சொன்னேன்.]

2

முதலாளி கந்தப்பன் சட்டப்படி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். ஆயுத பூஜைக்குக் கத்திரி, அளவுகோல், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அதற்கும் வைத்து, மாலையும் போட்டார். அன்றிலிருந்து யாரும் அதில் உட்காருவதில்லை. சேலை வாங்க வருகிறவர்களில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

(கந்தப்பனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். திட்டும்போதும் ‘ங்க’ போடுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?)

3

டெய்சியின் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. அவ்வப்போது உட்காராவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று அவள் நேராக நாற்காலியிடம் போனாள்.

“பொட்டு வெச்சதுக்கு மேல எப்படி உக்காருவே, கண்ணு?” என்றார் பில் போடும் பழனாத்தாள் அக்கா.

“பொட்டு வெச்ச கத்திரியில துணி வெட்டறோமில்லீங்க்கா?”

கந்தப்பன் வந்துவிட்டார். “ஏனுங்க அம்மணி, சேரும்போது நின்னுட்டே வேலை பாக்கறேன்னு அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்டீங்களே?”

“சட்டம் உக்காரலாங்குதுங்க.”

“சட்டம் சேர் போடச் சொல்லுச்சு. போட்டுட்டனுங்களே!”

“பின்னே, கும்படறதுக்காங்க போடச் சொல்லுச்சு?”

மடித்துக்கொண்டிருந்த சேலைக்குள் முகத்தை விட்டுச் சிரித்தேன். டெய்சி சிரிக்கவில்லை.

“உக்காந்தீங்கன்னா நாளைக்கு வர வேண்டியதில்லீங்க” என்றார் அவர், மிக மரியாதையாக.

4

ஒரு முடிவு: லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார். மாலையைப் பார்க்கிறார். செருப்பைக் கழற்றுகிறார். (வேண்டாம்.)

இன்னொன்று: சட்டத்துக்கு எதிரான கையெழுத்து செல்லாது என்று டெய்சி ஒரு பக்கம் பேச, கந்தப்பன் மனம் திருந்தி— (அவள் அவ்வளவு பேசமாட்டாள். அவரும் திருந்தமாட்டார்.)

அல்லது, அவள் பயந்து பழைய இடத்துக்கே—

இதை எழுதக் கை வரவில்லை. யோசித்துப் பார்த்தால், இவ்வளவு நேரம் நானும் அவளை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். என்னிடம் அவள் கையெழுத்துகூடப் போடவில்லை.

ஆகவே மாலையை எடுத்து ஆணியில் மாட்டினேன். கதையில்தான். டெய்சி உட்கார்ந்தாள். கந்தப்பன் வாயைத் திறந்திருக்கிறார். என்ன சொல்லப்போகிறார், நாளைக்கு அவளுக்கு வேலை உண்டா என்பதை நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள்.