போதும் என்றால் ஆகாது

மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் சாப்பிட்டு முடித்ததும், பெரியப்பா மாதையன் ‘நெறஞ்சுது’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் இலையை மடிப்பார்கள், சம்பந்தமும் முடிவாகும். ‘போதும்’ என்றால் ஆகாது. அதைப் பசித்தவன்கூடச் சொல்லிவிடுவானாம். நல்ல வழக்கம் கண்டுபிடித்தார்கள் போ என்று, பெண்ணைப் பெற்ற குள்ளம்மாள் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

திட்டாமல் என்ன செய்வாள்? ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்குப் போன புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. மழையும் ஏமாற்றிவிட்டது. பொம்மிடிக் கடைகளில் அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மகள் கோவிந்தம்மாளுக்கு அமைந்த நல்ல இடம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று, தன் பங்கு ராகியை வாயில் வைக்காமல் மிச்சம் பிடித்து மாவாக்கி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று களியும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினாள். எல்லோரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார்கள். மாதையன் ஓர் உருண்டையைத் தின்றுவிட்டு, இரண்டாவதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். குள்ளம்மாள் அருகில் போய், குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

“இன்னும் நெறையலம்மா” என்றார் அவர்.

சட்டியில் களி தீர்ந்துவிட்டதை எப்படிச் சொல்வது என்று அவள் நின்றாள். மாதையன் அவள் கையையே பார்த்தார். மெலிந்த மணிக்கட்டில் வளையல் தொளதொளவென்று கிடந்தது.

“நீயும் உக்காந்து ஒரு வாய் சாப்புடும்மா.”

“எனக்குப் போதுங்க” என்றாள், பழக்க தோஷத்தில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாதையன் சிரிக்கவில்லை. கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு, ஆத்தாவுக்கு இலை போடச் சொன்னார். தான் தொடாமல் வைத்திருந்த உருண்டையை அதில் வைக்கச் சொன்னார். விருந்தாளிகள் முன்னால் உட்கார அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் பசி கூச்சத்தைப் பார்க்கவில்லை. கண்ணீரும் குழம்புமாக அவள் களியை விழுங்கி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷன் இருக்கிற வீட்டுக்கா என் பொண்ணு போகிறாள், சாமி, நீ நல்லா இருக்கணும் என்று அவள் நெஞ்சு கும்பிட்டது.

“நெறஞ்சுதாம்மா?”

“நெறஞ்சுதுங்க.”

“எனக்கும் நெறஞ்சுது” என்று சொல்லி, மாதையன் இலையைத் தன் பக்கமாக மடித்தார்.