ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்களில் பாவாடையைப் போல வாயாடி கிடையாது. கோடையில் கூத்துக் கட்டுவார்; அதில் பேசிப் பேசியே சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் அவர்தான். அதனால், அன்று காலை காய்ந்த கரும்புச் சோகைக்குள் இருந்த குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டு, கழுத்தைப் பிடித்தபடி அவர் வரப்பில் உட்கார்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு குளவி கையில கொட்டுனதுக்கு இன்னா நடிப்பு பாரு," என்றார் மேஸ்திரி கொளஞ்சியப்பன். "சுண்ணாம்பு தடவு, சரியாப் பூடும்."

பாவாடையின் மனைவி செவ்வந்தி வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள். அவர் உடம்பெல்லாம் தடித்திருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"இன்னாயா பண்ணுது?"

"மூச்சு..." என்றார். சற்றுப் பொறுத்து, "வரல." குரல் கரகரத்தது.

"நடிச்சா இவ்ளோ கம்மியாவா பேசுவாரு?" என்ற செவ்வந்தி, மேஸ்திரியின் செல்போனைப் பிடுங்கி நூற்றெட்டுக்கு அடித்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் தங்கமணி, பாவாடையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். உள்ளே விசில் அடித்தது.

"ஊரும் பேரும் சொல்லுங்கண்ணா."

"பாவா..." அத்தோடு நின்றுபோனது.

"விஷம் ஒத்துக்கலக்கா. தொண்டை உள்ளாற வீங்கிக்கினு இருக்குது," என்று செவ்வந்தியிடம் சொன்ன தங்கமணி, போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடையில் ஊசி போட்டாள். கொளஞ்சியப்பன் அவரைப் படுக்க வைக்கப் போனார்.

"வேணாங்க. படுத்தா இன்னும் முட்டும். ஒக்காந்தே வரட்டும்."

ஆக்சிஜனோடு வண்டி கிளம்பியது. வழியெல்லாம் தங்கமணி ஊரும் பேரும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை இரண்டானது, இரண்டு நாலானது. தியாகதுருகம் தாண்டியதும் பாவாடை முகமூடியை விலக்கினார்.

"கொட்டுனது கையில, நீ ஏம்மா தொடையில குத்துன?"

"அப்பாடா," என்று தங்கமணி சாய்ந்து உட்கார்ந்தாள். அதுவரை கல்லாக இருந்த செவ்வந்தி அப்போதுதான் அழுதாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர், "சிலருக்கு மறுபடியும் மூச்சு முட்டும். நாளைக்குப் போலாம்," என்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போலாம் வா," என்றார் பாவாடை.

செவ்வந்தி கட்டிலை ஒட்டித் தரையில் துண்டை விரித்துப் படுத்தாள். "ஃபேன் நல்லா ஓடுது. நீ வேணா போய் கரும்பு வெட்டு. நான் தூங்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து தலையணை அவள் பக்கத்தில் வந்து விழுந்தது.