கறுத்த தலைக் குருவியும் அந்தோனிதாசனின் ஒறுத்தலும்

போன உயிர்த்த ஞாயிறன்று சில்க்போர்க் நகரக் கோயில் வாசலில் மரியநாயகி கேட்ட ஒற்றைக் கேள்வி அமலராணியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது. மரியநாயகி தூரத்துப் புரொண்பி நகரில் இருப்பவள். வருடத்தில் ஒருமுறை, ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்கு வரும்போது மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டுவாள். அமலராணிக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்ற தலையோடு நின்ற அந்தோனிதாசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பியோ?" என்றாள். அமலராணி வாயைத் திறப்பதற்குள் மகள் வந்து தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டின புருசனைத் தம்பி என்றால் எவளுக்குத்தான் பொறுக்கும்? அதிலும் இது படக்கூடாத இடத்தில் பட்ட அடி. அமலராணி அவரைவிட ஒரு வயது மூத்தவள். கலியாணம் பேசிய நாளில் இரண்டு வீட்டாரும் வாய்க்குள் போட்டு விழுங்கிய சங்கதி அது. முப்பது வருடமாக வெளியில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அந்தோனிதாசனோ ஒரு மாதம் முழுக்க அவளை "அக்கா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்.

ஆகவே இந்தத் தவக்காலத் தொடக்கத்தில் அவள் ஒரு வேலை பார்த்தாள். செபக்கூட்டத்தில் பத்துப் பேருக்கு முன்னால் அவரைப் பார்த்து, "இறைச்சியை விடுறது ஒரு ஒறுத்தலே? மீன் குழம்பு இருந்தா உங்களுக்கு இறைச்சி என்னத்துக்கு? மனசுக்கு நோகிற ஒண்டை விடுங்கோ பாப்பம். தலைக்கு டை அடிக்கிறதை விடுங்கோ" என்றாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். மனுசன் ரோசக்காரர். ஓம் என்றுவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, குருவிகள் கெடுக்கும் வரை.

குசினி யன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரத்தில் சூரியகாந்தி விதைக்கூடு தொங்கியது. குளிர்காலம் முழுக்கச் செம்மஞ்சள் நெஞ்சும் மண்ணிறத் தலையுமாக ஒரு குருவிக்கூட்டம் அதில் வந்து தின்றது. விதை போடுவது அந்தோனிதாசனின் பொறுப்பு. மார்ச் நடுவில் தலை கறுத்த குருவிகள் தென்படத் தொடங்கின.

"ஆரோ கறுத்த தலையன்கள் வந்து எங்கட பிள்ளையளைக் கலைச்சுப் போட்டாங்கள்" என்று அவர் யன்னலில் தட்டித் துரத்தினார்.

பக்கத்து வீட்டுக் கீர்ஸ்டன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அவை அதே குருவிகள்தான் என்றாள். வசந்தத்தில் ஆண் குருவிக்குத் தலை கறுக்குமாம். மஞ்சள் அலகுகூடக் கறுக்குமாம்.

அன்றிலிருந்து அவர் யன்னலை விட்டு அசையவில்லை. கிழமைக்குக் கிழமை குருவிக்குக் கறுத்தது, அவருக்கு வெளுத்தது.

"பாத்தீரே அமலா? கடவுளே குருவிக்கு டை அடிச்சு விடுறார். நான் அடிச்சா மட்டும் பாவமோ?"

விட்டால் மனுசன் ஒறுத்தலை முறித்துவிடுவார் என்று அமலராணி உசாரானாள். கீர்ஸ்டனிடம் ஓடிப்போய்க் குருவிப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து அவர் முன்னால் விரித்தாள்.

"கடவுள் ஒண்டும் பூசேல்லை. புது இறகும் முளைக்கேல்லை. இறகின்ர மண்ணிற நுனி தேய்ஞ்சு உதிருது, உள்ளுக்க இருந்த கறுப்பு வெளியில வருது. உங்களுக்கு உள்ளுக்க வெள்ளை. அவ்வளவுதான்."

"என்ர நுனி உதிரேல்லையே!"

உண்மைதான். அடியில் வெள்ளையும் நுனியில் கறுப்புமாக அவர் தலை பார்க்கச் சகிக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை, அவளே முடிவெட்டும் மெசினை எடுத்து அந்த நுனியை ஒட்ட வழித்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தவர் வெள்ளைத் தலையை மெல்லத் தடவினார். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. மனுசன் வடிவாகவும் இருந்தார். அதை மட்டும் அவள் வெளியே விடவில்லை.

"டை அடிக்கிறதெண்டா நாளைக்குப் பூசை முடிய அடியுங்கோ" என்றாள்.

மறுநாள் கோயில் வாசலில் அமலராணியே அவரையும் கூட்டிக்கொண்டு மரியநாயகியைத் தேடிப்போய் முன்னால் நின்றாள். மரியநாயகி வெள்ளைத் தலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இவர்தான் உங்கட அவரோ? சந்தோசம். போன வருசம் உங்கட தம்பியோடயெல்லே வந்தனீங்கள். அவர் வரேல்லையோ?"

அமலராணிக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு வருட முள் கழன்று விழுந்த சுகத்தில் பொய் தானாக வாயில் வந்தது.

"அவன் ஒஸ்லோவுக்குப் போட்டான்."

"நல்ல வடிவான பொடியன். கலியாணம் முடிச்சிட்டாரோ? என்ர மச்சாளின்ர மகள் ஒருத்தி இருக்கிறாள்."

அமலராணியை அந்தோனிதாசன் முந்திக்கொண்டார். "இன்னும் இல்லை அக்கா. பெந்தகோஸ்துத் திருநாளுக்கு இஞ்ச வருவான். பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மரியநாயகி அந்த இடத்திலேயே போனை எடுத்துப் படத்தைத் தேடினாள். நீலச் சேலையில் ஒரு பெண் சிரித்தாள். அந்தோனிதாசன் குனிந்து, கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்த்தார்.

"போனை உள்ள வையுங்கோ!" அமலராணியின் சத்தத்துக்கு வாசலில் நின்ற சனமெல்லாம் திரும்பியது. "அவன் கட்டி முப்பது வருசம். கட்டினவளுக்கு அவனிலும் ஒரு வயசு கூட. அவள் பொல்லாதவள்!"